புகைக்கு ஈடு

சத்தியசீலன் இந்த முறையும் தோற்க வேண்டும் என்று அன்வர் பாட்சா மனமுருகி துஆ கேட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் சத்தியசீலனின் மனைவி ஜெயகுமாரி, அவன் ஜெயிக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

ஆலன் நகருக்குப் பக்கத்தில், டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே, டெக்ஸஸ் வெயிலில் வெந்துகொண்டிருந்த மைதானத்தில் நான்கு கம்பங்கள். அவற்றுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து ஓரமாகச் செருகவேண்டும். கம்பத்தில் பட்டால் போச்சு.

"எங்க கார்ல போனப்பல்லாம் ஃபெயில்தான் பாய். நீங்களா வந்து டிரக்கைக் குடுத்தீங்க பாருங்க, கர்த்தர்தான் உங்களை அனுப்பியிருக்காரு" என்றாள் ஜெயகுமாரி.

அன்வர் துஆவைத் தொடர்ந்தார்.

எட்டு சிலிண்டர் டிரக் அது. அந்தக் கம்பங்களுக்கு நடுவே அதைச் செருக அவராலேயே முடியாது. அதனால்தான் கொடுத்தார்.

எல்லாம் மகள் ரிதாவால் வந்தது. அவளுக்குப் பள்ளியில் கரியமில வாயுவைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். மறுநாள் காலை அன்வர் டிரக்கின் கதவைத் திறந்துகொண்டு நிற்க, "நோ, டாட். இட்ஸ் எ மான்ஸ்டர்" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

தனியாக விட மனமில்லாமல் அவர் டிரக்கிலேயே அவள் பின்னால் பள்ளிவரை ஊர்ந்து போனார். அவள் நடந்து மிச்சப்படுத்தியதைப் போல இரண்டு மடங்கு புகையை அவர் பின்னாலேயே விட்டுக்கொண்டு போனார்.

பள்ளிக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் நேரம். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு ஹோம்வொர்க், அவருக்குக் கான்ஃபரன்ஸ் கால்.

டிரக்கை விற்றுவிடலாம்தான். ஆனால் கிரீன் கார்டு வந்த வாரம் வாங்கிய வண்டி. அதை விற்பது கிரீன் கார்டையே திருப்பிக் கொடுப்பது போல.

கடைசியில் ரிதாவே ஒரு வழி சொன்னாள். நாம் விடும் புகைக்கு ஈடாக வேறெங்காவது அதே அளவு புகை குறைந்தால் கணக்கு நேராகிவிடுமாம்.

அன்வர் கொல்லையில் ஒரு மரக்கன்றை நட்டார். ஒரே வாரத்தில் அது கருவாடாயிற்று.

அப்போதுதான் ஆபீசுக்குச் சைக்கிளில் வரும் சத்தியசீலன் கண்ணில் பட்டான். பேச்சு முடிந்தது. கார் ஓட்டாமல் அவன் மிச்சப்படுத்தும் புகை அன்வருக்கு. பதிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஆபீசில் அவனுக்கு அன்வரின் மனைவி நஜீமா கையால் செய்த மட்டன் பிரியாணி, முட்டை ஒன்றுடன்.

ரிதா வெகுநேரம் யோசித்தாள். "ஓகே. பட் ஒன்லி இஃப் ஹி கீப்ஸ் பைக்கிங்" என்று சொல்லி டிரக்கில் ஏறினாள்.

இன்று லைசென்ஸ் கிடைத்துவிட்டால் சைக்கிள் போய்விடும். சைக்கிள் போனால் ரிதா இறங்கிவிடுவாள்.

மைதானத்தில் டிரக் நகர்ந்தது. சத்தியசீலனுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"ஊர்ல அவங்கப்பாவோட மீன் லாரியே ஓட்டினவரு பாய்" என்றாள் ஜெயகுமாரி. "இங்க வந்து நாலு கம்பத்துக்கு நடுவுல விட வரலைங்கறாரு. எனக்கு நம்பவே முடியல."

அன்வரின் துஆ பாதியில் நின்றது.

"லாரியா?"

"ஆமா. சந்துல ரிவர்ஸ் எடுக்கிறதுல இவரை அடிச்சுக்க ஆளே இல்லன்னு சொல்வாங்க."

டிரக் பின்னால் வந்தது. அவசரமே இல்லாமல் ஒருமுறை வளைந்து, ஒருமுறை நிமிர்ந்து, அளவெடுத்துத் தைத்தது போல நான்கு கம்பங்களுக்கு நடுவே உட்கார்ந்தது. ஒரு கம்பமும் அசையவில்லை. அதிகாரி தொப்பியைச் சற்று உயர்த்தி வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஸ்தோத்திரம்!" என்று ஜெயகுமாரி எழுந்தே விட்டாள். "இனிமே மழை வந்தா நான் டிராப் பண்ண வேண்டாம்!"

அன்வர் கண்களை மூடிக்கொண்டார். நாளைக் காலை முன்னால் ரிதா நடக்கிறாள், பின்னால் அவர் ஊர்கிறார். வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. பேச ஒருவரும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது டிரக் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சத்தியசீலன் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் திரும்பினான். மனைவியை அவன் பார்க்கவில்லை. அன்வரைத்தான் பார்த்தான். அவரும் பார்த்தார்.

பிறகு டிரக் ஒரு முழம் பின்னால் வந்தது.

குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல, அவ்வளவு பக்குவமாக ஒரு கம்பம் சாய்ந்தது.

சத்தியசீலன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

"கடைசி நேரத்துல கால் வழுக்கிடுச்சு குமாரி."

"அந்தச் சைக்கிளையே கட்டிட்டு அழுங்க!" ஜெயகுமாரி கைப்பையைத் தோளில் வீசினாள். "வீட்ல மூணு வேளையும் ஓட்ஸ் கஞ்சி. தினமும் சைக்கிள். அப்புறமும் கொலஸ்ட்ரால் மட்டும் எப்படித்தான் ஏறுதோ!"

அவள் விடுவிடுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

அன்வர் துக்கம் விசாரிக்கும் முகத்துடன் போய் அவன் தோளில் கை வைத்தார். இருவரும் வெளியே சாய்ந்து கிடந்த கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சத்தியசீலன் நிமிராமல், உதடு அசையாமல் சொன்னான்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை பாய். இனிமே முட்டை ரெண்டு."