பாதி நூடுல்ஸ்

“டேய்! சட்டைக்குள்ள என்னடா ஒளிக்கிற? எடு வெளிய!”

அடுப்படியிலிருந்து வந்த அதட்டலில் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

சைவ நூடுல்ஸ் கடை. மொத்தமே ஆறு மேசை. மதிய நேரம், ஒன்றுகூடக் காலியில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கிழவர் மிரண்டுபோய் எழுந்தார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

கடைக்காரர் வாணலியை இறக்கிவைத்துவிட்டு வந்தார். கிழவரின் சட்டைக்குள் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், சாப்பிடக் கொடுத்ததில் பாதி நூடுல்ஸ்.

“இங்க உட்கார்ந்து தின்னத்தான் குடுத்தேன். கட்டி எடுத்துட்டுப் போறதுக்கு இல்ல.” பொட்டலத்தைத் தட்டில் கொட்டினார். “ஒரு இழை மிச்சம் வச்சே, நாளைலருந்து வேலைக்கு வராதே!”

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டே தட்டை வாங்கினார்.

மூன்றாவது மேசையில் ஓர் இன்சூரன்ஸ்காரர். இந்தக் கடைக்கு முதல் தடவை வந்திருந்தார்.

“பாவம், இந்த வயசுல வேலைக்கு வந்து இந்தப் பேச்சு கேட்கணும்னு தலையெழுத்து” என்றார், எதிரே உட்கார்ந்திருந்த தையல்கடை அக்காவிடம்.

“வேலைக்காரர்னா நினைச்சீங்க? கடைக்காரரோட பெத்த அப்பா சார்!”

“என்னது?”

“மாடியிலதான் குடியிருக்காங்க. மருமகளே என்கிட்ட சொன்னா, மாமனார்னு. கடை போட்டு ஒரு மாசம் ஆகுது. தினமும் இதே கூத்துதான். கழுவின தட்டையே திரும்பவும் கழுவச் சொல்லி வேலை வாங்குறாரு. காலம் கெட்டுக் கிடக்கு சார்.”

இன்சூரன்ஸ்காரருக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்து மேசைக்காரர்களுக்கும் கொதித்திருக்க வேண்டும். ஆனால் நூடுல்ஸ் ஆறிவிடுமே என்று யாரும் எழுந்திருக்கவில்லை. இவர் எழுந்தார். பேசிப் பிழைக்கிற தொழில், கூச்சம் கிடையாது.

“ஏன்யா, பெத்த அப்பனை ‘டேய்’னு கூப்பிட உனக்கு வாய் கூசல? ஒரு பிடி நூடுல்ஸை அவர்கிட்டருந்து பிடுங்குறியே, நீயெல்லாம் மனுஷனா?”

கடைக்காரரின் முகம் வெளுத்துப்போனது.

“மெதுவாப் பேசுங்க சார். அவர் காதுல விழுந்துடப் போகுது.”

“விழட்டுமே! ஊருக்கே தெரியட்டும்!” இன்சூரன்ஸ்காரர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

“படமெல்லாம் வேண்டாம் சார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் என்னைச் செருப்பால அடிங்க, வாங்கிக்கிறேன்.”

“நிம்மதியாச் சாப்பிட விடாதது யாரு? நீயா, நானா?”

கடைக்காரரைத் தள்ளிக்கொண்டு அவர் கிழவரிடம் போனார்.

“ஐயா, பயப்படாதீங்க. நான் இருக்கேன். அந்தப் பொட்டலம் எதுக்கு? ராத்திரிக்குச் சாப்பாடு போட மாட்டாங்களா?”

கிழவர் போனைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“தப்புதாங்க. மொதலாளிகிட்ட சொல்லி என்னை வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க. வீட்டுல பையன் இருக்கான். நாலு வயசுதான். நூடுல்ஸ்னா உசுரு அவனுக்கு. அப்பா கொண்டு வருவாருன்னு வாசல்லயே உட்கார்ந்திருப்பான்.”

இன்சூரன்ஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வயதில் நாலு வயதுப் பையனா? திரும்பிக் கடைக்காரரைப் பார்த்தார்.

“அந்தப் பையன் நான்தான் சார்” என்றார் கடைக்காரர், கிழவருக்குக் கேட்காதபடி.

போன் தானாகவே கீழே இறங்கியது.

“எல்லாம் மறந்துபோச்சு. அம்மா போய்ச் சேர்ந்தது தெரியாது, நான் வளர்ந்தது தெரியாது. அப்பான்னு கூப்பிட்டா, யாரோ எவனோன்னு பயந்து தெருவுல இறங்கி ஓடுறாரு. இள வயசுல ஒரு நூடுல்ஸ் கடையில பாத்திரம் கழுவினாரு. அந்த மொதலாளியும் நாலு வயசுப் பையனும்தான் இப்ப ஞாபகத்துல இருக்காங்க. வேலை குடுத்து, அவர் மாதிரியே அதட்டினாத்தான் ஒரு வாய் உள்ள இறங்குது. இப்படியே பட்டினி கிடந்தா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்காகத்தான் பார்த்துட்டிருந்த வேலையை விட்டுட்டு இந்தக் கடையைப் போட்டேன்.”

தையல்கடை அக்கா தன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ்காரர் போனில் எடுத்த படத்தை அழித்தார்.

அதற்குள் கிழவர் தட்டோடு மெல்ல நடந்து வந்தார்.

“மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. எனக்குப் பசியே இல்ல. இதை மட்டும் பையனுக்குக் குடுத்துட்டு ஓடி வந்துடுறேன். சின்னப் பிள்ளை, பசி தாங்க மாட்டான்.”

கடைக்காரர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முடிந்த மட்டும் குரலை உயர்த்தி அதட்டினார்.

“உன் பையன் வயிறு முட்டச் சாப்பிட்டுட்டாண்டா. நீ தின்னுடா!”