கிளைட்டின் முதுகில் நோரீனின் தையல்

கிளைட்டின் முதுகில் தெரிந்தது நோரீனின் தையல்தான். வெர்னனுக்கு அதில் சந்தேகமே இல்லை. கட்டம் போட்டு, அதன் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி அடிக்கிற அந்தத் தையலைக் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறான்.

துணியும் தெரிந்த துணிதான். போன கோடையில் அவர்கள் வீட்டு சோபாவுக்கு உறை மாற்றியபோது மிஞ்சிய பச்சைக் கான்வாஸ்.

கிளைட் பக்கத்து வீட்டுக்காரன். மனைவி விட்டுப்போன பிறகு தனி ஆள். ஓக் சருகு மூடிக் கிடந்த காட்டுப் பாதையில், வெர்னனுக்கு முன்னால் பூனை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தான்.

வில்லோடு மரத்தில் உட்கார்ந்து மான் அடிக்கிறவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி ஏறுகிற அலுமினியக் கம்புகள் நாலும் அவன் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. உரசாமல் இருக்க இடையிடையே கம்பளித் துண்டு. பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் இறங்கும்படி அகலமான பட்டை. எந்தக் கம்பும் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு கிளையில் மாட்டவில்லை.

வெர்னன் முதுகிலோ ஒரு பாத்திரக்கடையே தொங்கியது. கயிறு தோளை அறுத்தது. அடிக்கொரு தரம் கம்பின் நுனி பின்மண்டையில் இடித்தது. காலையில் மரத்தடிக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே அந்த 'டங்' சத்தத்துக்கு ஒரு மான் வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடியிருந்தது.

"இதைச் சுமக்க ஒரு பட்டை தச்சுக் குடேன்" என்று செப்டம்பரில் அவன் நோரீனைக் கேட்டான். நேரமில்லை என்று சொல்லிவிட்டாள். கிளைட்டுக்குத் தைக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது!

"கிளைட்!"

கிளைட் திரும்பினான். திருட்டு முழி. கையில் வில்லைக்கூடக் காணோம். இந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது.

"பட்டை ஜோரா இருக்கே. யாரு தச்சது?"

"இதுவா... தெரிஞ்சவங்க."

"எனக்கும் தெரிஞ்சவங்களா?"

"கொஞ்சம் அவசரம்ப்பா. கீழ வண்டிக்குப் போகணும்." மார்பில் மாட்ட வேண்டிய பட்டை அந்தப் பெரிய உடம்புக்கு எட்டாமல் இரண்டு பக்கமும் தொங்க, கிளைட் விறுவிறுவென்று நடந்தான்.

வெர்னன் தன் வண்டியை மலையின் மறுபக்கம் விட்டிருந்தான். அதை மறந்து அவன் பின்னாலேயே போனான். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச காலமாக நோரீன் சென்ட் போடுவதில்லை. தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்தால் கன்னம் சிவந்திருக்கும். நேரே குளிக்கப் போய்விடுவாள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்கும். அவனோடு இருக்கும்போது அவள் பாடி எத்தனை நாளாயிற்று!

கீழே கிளைட்டின் டிரக் நின்றது. பக்கத்தில் நோரீனின் நீலக் கார்.

நோரீன் டிக்கியிலிருந்து ஒரு பழைய போர்வையை உருவிக்கொண்டிருந்தாள். அவன் பார்த்தேயிராத ஜாக்கெட். மடித்து விட்ட கை. தலைமுடியில் ஒரு சருகு. வெர்னன் அவள் எதிரில் போய் நின்றான்.

"உன் தங்கச்சி காட்டுக்குக் குடி வந்துட்டாளா?"

நோரீன் திடுக்கிட்டாள், ஆனால் தலைகுனியவில்லை. "நீ வடக்குப் பக்கம் போறேன்னுதானே சொன்னே?"

"அதனாலதான் இந்தப் பக்கம் வந்தீங்களா? எத்தனை நாளா நடக்குது இது?"

"அக்டோபர்லேந்து."

"என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"உறுதியானதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"வெர்னன், அவளைத் திட்டாதப்பா," கிளைட் நடுவில் புகுந்தான். "எல்லாம் சொல்லிக்குடுத்தது நான்தான்."

"நீ வாயத் தொறந்தே, பல்லு இருக்காது!"

"அவரை எதுக்குத் திட்டற?" என்றாள் நோரீன். "உன்கிட்டதான் முதல்ல கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரிச்சே. இவரு சிரிக்கல."

எப்போது கேட்டாள், எதைக் கேட்டாள்? வெர்னனுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சிரித்திருப்பான் என்பது மட்டும் தெரிந்தது. அவள் எதைச் சொன்னாலும் சிரிக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு.

"என்கிட்ட இல்லாதது அப்படி என்ன இருக்கு இவன்கிட்ட?"

"பொறுமை."

முதுகில் இருந்ததை வெர்னன் அப்படியே நழுவவிட்டான். கம்புகள் கலகலவென்று சரளையில் விழுந்தன. எங்கோ ஒரு மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது. கத்தித் தீர்க்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். குரல் உடைந்துபோய் வந்தது.

"இப்பவே சொல்லிடு நோரீன். நானா, இவனா?"

நோரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கிளைட்டைப் பார்த்தாள். கிளைட் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தான்.

அவள் மெல்ல வந்து வெர்னனின் கையைப் பிடித்தாள். விரல்களைப் பிரித்து ஒரு கயிற்று முனையை அதில் திணித்தாள்.

"கிளைட், என் கம்பு, பட்டையெல்லாம் வண்டில வச்சிடுங்க. நீ உளறாம இதைப் பிடிச்சுக்கிட்டு மேல வா. நான் அடிச்ச மானை எங்க ரெண்டு பேரால இழுக்க முடியல!"