கர்னலின் விதைநெல்

அமெரிக்காவின் கரோலினாவுக்கே நெல் விவசாயம் கற்றுக்கொடுத்தவர் தாம்தான் என்று கர்னல் விட்கோம் விருந்துக்கு விருந்து சொல்லுவார்.

"நான் வாங்கினப்போ இந்த ஆப்பிரிக்கக் கூட்டத்துக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. இதோ, இந்த யெமாவையே கேளுங்க!"

பரிமாறிக்கொண்டிருந்த அடிமைப் பெண் யெமா தலையாட்டினாள். "ஆமா எஜமான்."

அவள் மகள் ஃபெண்டாவை அவர் பார்படோஸ் தீவுக்குப் போகும் கப்பலுக்கு விற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலைப் பிடித்துக் கதறிய தாயிடம், "பத்து நாள்ல மறந்துடுவே" என்று ஆறுதலும் சொல்லியிருந்தார்.

விதைப்பு வந்தது. களஞ்சியத்திலிருந்து யெமா கொண்டுவந்த விதைநெல்லில் ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, கடித்துப் பார்த்தார் கர்னல்.

"முதல் தரம்! என்னா பொன்னிறம்!"

நூறு ஏக்கரிலும் தூவினார்கள். மூன்று வாரத்தில் பக்கத்துப் பண்ணைகள் பச்சைப்பசேலென்று ஆயின. கர்னலின் வயலில் ஒரு முளைகூட இல்லை.

"இவதான் ஏதோ செஞ்சிருக்கா!" என்று யெமா மேல் சவுக்கை ஓங்கினார்.

வேடிக்கை பார்க்க வந்த பண்ணையார்கள் சிரித்தார்கள். "விடுங்க கர்னல், நெல்லைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? விதையைக் கடிச்சுப் பாத்தது நீங்கதானே?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவளுக்குத் தெரியும் என்றால் தமக்குத் தெரியாது என்றாகிவிடும்.

"மண்ணு சரியில்ல" என்று முணுமுணுத்துவிட்டு நடையைக் கட்டினார்.

ஊறவைத்து, ஆவியில் அவித்து, வெயிலில் உலர்த்திய நெல் சோற்றுக்கு அருமையாக இருக்கும். ஆனால் ஒருநாளும் முளைக்காது. யெமா பிறந்த ஊரில் ஏழு வயதுப் பெண்ணுக்கும் இது தெரியும்.

ஃபெண்டா போன மறுநாளிலிருந்து, ஒரு மூட்டை விடாமல் அவள் அவித்திருந்தாள்.