பிம் என்றால் ஓடு

கம்பிக் கட்டின் இடப்பக்கப் பெல்ட் நழுவியது.

ஒரு சாண்தான். ஆனால் கிரேன் கூண்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு சாண் போதும், மிச்சம் எத்தனை சாண் என்று எண்ண.

கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. கிரேனைத் திருப்பினால் இன்னும் நழுவும். இறக்கலாம் என்றால் நேர் கீழே ஆட்கள். நான் சும்மா இருந்தாலும் அது சும்மா இருக்காது போலிருந்தது.

மைக் பொத்தானை அழுத்தினேன்.

"பிம்!"

பிம் என்றால் என்ன என்று கேட்கக் கூடாது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தக் கட்டடத்தில் ஏழெட்டு மொழி பேசுகிற ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஆபத்து என்றால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரே ஒரு குட்டிச் சொல் வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி கமிட்டி போட்டார். கமிட்டிக்கு டீ, பிஸ்கட், ஏசி.

முதலில் "போ" என்று வைத்தார்கள். கொத்தனாரின் பாஷையில் அது அத்தை. பெயிண்டரின் பாஷையில் வெண்ணெய். எலக்ட்ரீசியனின் பாஷையில், கிட்ட வா. வெல்டர் மட்டும் சபையில் சொல்ல மாட்டேன் என்றார். பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். அவர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. "போ" அன்றோடு ஒழிந்தது.

அப்புறம் "ஹை", "கூ", "டப்". ஒவ்வொன்றும் யாருக்கோ சோறு, யாருக்கோ செருப்பு, யாருக்கோ சித்தப்பா.

கடைசியில் அதிகாரியே கண்டுபிடித்தார். எந்த மொழியிலும் எந்த அர்த்தமும் இல்லாத சொல்லைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கு மேடை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். ஒன்றுமே சொல்லாமல் வெகுநேரம் பேசும் திறமை அவருக்கு முன்பே உண்டு. அதை ஒரே அசையில் சுருக்கியது அப்போதுதான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒத்திகை. நான் மேலிருந்து "பிம்" என்பேன். ஆட்கள் சுவரோரம் ஓடுவார்கள். அதிகாரி மட்டும் நட்டநடுவில் கைகட்டி நின்று, யார் ஒழுங்காக ஓடுகிறார், யார் இளித்துக்கொண்டு ஓடுகிறார் என்று பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். உச்சரிப்பு சுத்தமாம்.

இப்போது ஒத்திகை இல்லை.

ஆட்கள் ஓடினார்கள். என் குரலில் என்ன இருந்ததோ, ஒருவரும் இளிக்கவில்லை. வாளி கவிழ்ந்தது, சிமெண்ட் சட்டி உருண்டது, ஒரு நொடியில் இடம் காலி.

நடுவில் ஒரே ஒரு வெள்ளைத் தலைக்கவசம் மட்டும் நின்றது.

கைகட்டியபடி.

அண்ணாந்து என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், தனக்கு நேர் மேலே பார்க்கவில்லை. தன் தலைக்கு மேலே ஏதாவது இருக்கக்கூடும் என்று அவர் என்றைக்கும் நினைத்தவரில்லை.

கட்டைவிரல் உயர்ந்தது.

பெல்ட் இன்னொரு சாண் நழுவியது. கட்டுக்குள்ளிருந்து ஒரு கம்பி மட்டும் உருவிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தது. எனக்குக் கை இருக்கிற நினைப்பே இல்லை. வாய் மட்டும் இருந்தது.

"நகருங்க சார்! கட்டு விழப்போவுது!"

கலவை மெஷின் இரைச்சலில் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். அது பிம் இல்லை என்று தெரிந்துகொள்ளப் பாதியே போதும். மைக்கில் பிம் தவிர வேறு பேச்சு கூடாது என்பது விதி. முகத்தைச் சுளித்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

சுவரோரம் நின்றவர்கள் ஏழெட்டு மொழியிலும் கத்தினார்கள். திரும்பி, அவர்களுக்கும் அதே விரலைக் காட்டினார்.

அப்போதுதான் அதைச் சொன்னேன்.

அச்சில் ஏறாது. அவருடைய தொப்பை, அவருடைய கமிட்டி, அந்தக் கேடயத்தை அவர் எங்கே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை, எல்லாம் ஒரே மூச்சில். எல்லாம் ஒருமையில். வசவுக்கு மட்டும் எந்த இரைச்சலும் குறுக்கே நிற்பதில்லை.

எந்த விதிக்கும் நகராத மனிதர் நகர்ந்தார்.

முஷ்டியை மடக்கிக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த வாளியை எட்டி உதைத்து, என் ஏணியை நோக்கிக் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நின்றுவிடுவாரோ என்று பயம். தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அவர் ஏணியின் முதல் படியில் கால் வைத்தார்.

கட்டு விழுந்தது.

கூண்டு என்னைத் தூக்கிப் போட்டது. கண்ணைத் திறந்தபோது, அவர் நின்ற இடத்தில் கம்பிகள் தாறுமாறாகக் கிடந்தன. இரண்டு மூன்று மட்டும் தரையில் குத்தி நின்று இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தன.

யாரோ மெஷினை நிறுத்தியிருந்தார்கள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றினார்.

நான் இறங்கவில்லை. செத்துத் தொலைந்திருப்பாரே என்ற பயம் பாதி. பிழைத்துவிட்டாரே, சாயங்காலம் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்ற பயம் மீதி.

அவர் ஏணியைப் பற்றிக்கொண்டு அண்ணாந்தார். வேலையிடத்தில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். அதை அவரே மீறினார்.

"பாத்து இறங்குங்க மாப்பிள்ளே," என்றார். "என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."