பாலத்து மேடு

முதலில் துரோகம் செய்தது தையல்காரன்தான். ஃபிட்டருக்கு அதில் சந்தேகமே கிடையாது.

இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் காலையில் சேர்ந்தே சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள். ஃபிட்டரின் பம்புப் பட்டறை எட்டு கிலோமீட்டர். தையல் கடை அதற்கு இரண்டு தெரு முன்னால். வழியில் ரயில்வே மேம்பாலம். அந்த மேட்டில் யார் முதலில் இறங்கித் தள்ளுகிறாரோ அவர் தோற்றவர். இத்தனை வருஷத்தில் ஒருவரும் இறங்கியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை ஃபிட்டர் தெருமுனையில் காத்துக்கொண்டு நின்றார். தையல்காரர் வரவில்லை. ஏழே முக்கால் பஸ் கடந்து போனது. அதில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார் தையல்காரர்.

மறுநாளும் அப்படியே. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

"துரைக்கு சைக்கிள் கசக்குதாம்!" என்றார் ஃபிட்டர், யாருமில்லாத தெருவைப் பார்த்து. அதோடு பேச்சு முறிந்தது. தையல்காரர் குடியிருந்த தெரு வழியாகப் போவதையும் ஃபிட்டர் நிறுத்திக்கொண்டார்.

மனைவி போன பிறகு வீட்டில் அவருக்குப் பேச ஆள் கிடையாது. பட்டறை இரைச்சலில் எல்லாம் கைஜாடைதான். சைக்கிளில் போகிற அந்த அரை மணி நேரம்தான் அவர் வாய் திறக்கிற நேரமாக இருந்தது. அதுவும் போயிற்று.

ஒரே ஒரு வசதி. அதற்கும் ஒரு வருஷம் முன்பே அவருக்கு வலது முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. இப்போது பாலத்தில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு இறங்கித் தள்ளலாம். பஸ் சத்தம் கேட்டால் குனிந்து செயினை நோண்டினால் போதும்.

அப்படியும் முட்டி விடவில்லை. போன வாரம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம் போனார்.

"எத்தனை வருஷமா வலிக்குது?"

"வலின்னு யாரும்மா சொன்னா? லேசா பிடிக்கும்."

"சரி, எத்தனை வருஷமா பிடிக்குது?"

"அஞ்சு."

அந்தப் பெண் முட்டியை மடக்கினாள். ஃபிட்டர் பல்லைக் கடித்தார்.

"மூணு மாசத்துக்கு சைக்கிளைத் தொடக் கூடாது. மீறினா அப்புறம் ஆபரேஷன்தான், சொல்லிட்டேன்."

"வேலைக்கு எப்படிப் போறது?"

"உங்க பக்கம் பஸ் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"பஸ்ல அவன் இருப்பானே!"

"எவன்?"

ஃபிட்டர் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

திங்கட்கிழமை பஸ் ஏறும்போதே எல்லாம் யோசித்து வைத்திருந்தார். அவன் சிரித்தால் சிரிக்கக் கூடாது. நகர்ந்து இடம் கொடுத்தால் உட்காரக் கூடாது. 'என்ன, சைக்கிள் என்னாச்சு?' என்று கேட்டால், 'உனக்கெதுக்கு அதெல்லாம்?' என்று ஒரே போடு.

ஓரக் கண்ணால் முதல் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை பார்த்தார். தையல்காரர் இல்லை.

தயார் செய்த வசனமெல்லாம் வீணாயிற்று. காலியாக இருந்த ஒரு சீட்டில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அவரையே உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே பாலத்துல சைக்கிளைத் தள்ளிட்டுப் போறவரு?"

ஃபிட்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"செயின் கழண்டிருக்கும்."

"நாலு வருஷமா தினமுமா சார் கழலும்?"

"யார் சொன்னா உங்களுக்கு?"

"நம்ம தையல்கார அண்ணன்தான். பாலம் வந்தா எழுந்து நின்னு எட்டிப் பார்ப்பாரு. நீங்க இறங்கித் தள்ளுறதைப் பார்த்த பிறகுதான் உட்காருவாரு."

ஃபிட்டருக்கு ரத்தம் கொதித்தது.

"தினம் வேடிக்கை பார்த்திருக்கான்! நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கான்! எங்கே அவன்?"

"உங்களுக்குத் தெரியாதா? ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியலைன்னு போன மாசம் கடையை மூடிட்டாரு. மக வீட்டோட போயிட்டாரு, வெளியூருக்கு."

ஃபிட்டர் டிக்கெட்டை நாலாக மடித்தார். 

"அப்புறம், அவரு சிரிக்கவெல்லாம் இல்ல சார்," என்றார் கண்டக்டர். "ஒருநாள் நீங்க இறங்காம மிதிச்சே மேடு ஏறிட்டீங்க. அன்னிக்கு அவரு மூஞ்சியே சரியில்ல. என்னண்ணேன்னு கேட்டேன். 'அவனுக்கு முட்டி போச்சுப்பா. சொன்னா ஒத்துக்க மாட்டான். நான் பக்கத்துல இருந்தா செத்தாலும் இறங்க மாட்டான். அதான் நான் சைக்கிளை வித்துட்டு இதுல வர்றேன்'னாரு."

பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. 

"அவரு நம்பர் என்கிட்ட இருக்கு. போட்டுத் தரட்டுமா சார்?"

"வேண்டாம்."

கண்டக்டர் தோளைக் குலுக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஃபிட்டர் அதைப் பார்த்துச் சொன்னார்:

"சொல்லாம கொள்ளாமப் பேச்சை நிறுத்தினது அவன்தானே? எனக்கு நாலு வருஷப் பேச்சு பாக்கி வெச்சிருக்கான். முதல்ல அவன் பேசட்டும்."