எட்டுப் பேரும் காத்திருந்த வரி

“எட்டு ஆளு போட்டும் ஏன் அம்மிணி இன்னும் தாமதம்?”

மனோகரன் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்துதான் கேட்டார். எழுபது வயதிலும் அவர் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மஞ்சூரில் இருக்கும் அவருடைய தேயிலைத் தொழிற்சாலை அப்பா தொடங்கியது. எடையில் குறை என்று ஒரு விவசாயியும் இதுவரை அந்த வாசலில் வந்து நின்றதில்லை. குடும்பத்துக்குப் பெருமை என்றால் அதுதான்.

இந்த வாரம் அந்தப் பெருமை ஆட்டம் கண்டிருந்தது.

விவசாயிகள் பச்சைத் தேயிலையை அவரவர் ஊர் ஷெட்டிலேயே எடை போட்டுவிடுவார்கள். எடை உடனே தொழிற்சாலை சர்வரில் பதிவாகும். அதன் நகல் ஒன்று குன்னூர் அலுவலகத்தில் ஓடியது. விவசாயிகளின் போனுக்கு எடை அந்த நகலிலிருந்துதான் போகும். இலை குறைவாக வந்தவரை சிக்கல் இல்லை. மழை விட்டுக் கொழுந்து மூட்டை மூட்டையாக வரத் தொடங்கியதும் நகல் பின்தங்கிவிட்டது.

நேற்று கேட் அருகே தனசிங் என்ற விவசாயி, நின்றிருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். “காலைல போட்ட எடை மத்தியானம்தான் போன்ல வருது. இந்தப் போர்டுல மட்டும் உடனுக்குடனே ஏறுது. நடுவால உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?”

அன்றைக்கு வந்த மொத்த இலையின் எடை, கேட்டுக்கு மேலே இருக்கும் அந்தப் போர்டில் சிவப்பு எண்களில் ஓடும். மேலே மனோகரனின் அப்பா பெயர். அந்தப் பெயருக்குக் கீழே நின்று தனசிங் அப்படிக் கேட்டதுதான் அவருக்கு உறுத்தியது. இன்று பதினோரு மணிக்கு விவசாயிகள் கூட்டம். அதற்குள் இதற்கு ஒரு வழி வேண்டும்.

தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் மருமகள் அனுராதாவின் பொறுப்பு. ஆள் என்று அவர்கள் சொன்னது, பதிவுகளை வாங்கி நகலில் எழுதும் புரோகிராமைத்தான். முன்பு ஒன்றே ஒன்று ஓடியது. போன வாரம் அனுராதா எட்டு ஓடவிட்டிருந்தாள்.

“எட்டுப் பேரும் ஒருத்தனுக்காக ஒருத்தன் காத்துட்டு நிக்கறாங்க மாமா. எந்த எடைய எழுதினாலும் கூடவே தொட்டாக வேண்டிய வரி ஒண்ணு டேட்டாபேஸ்ல இருக்குதுங்க. ஒருத்தன் தொட்டா லாக் போட்டுக்குவான். அவன் விடற வரைக்கும் மத்த ஏழு பேரும் நிக்க வேண்டியதுதான்.”

சில நேரம் அதைவிட மோசம் என்றாள். எடைகள் வந்த வரிசையிலேயே எழுதி முடிக்க வேண்டும். முதலில் முடிக்க வேண்டியவன் ஒருவன். லாக் இருப்பதோ அவனுக்குப் பின்னால் நிற்பவன் கையில். இரண்டு பேரும் நகர முடியாது. பின்னால் நிற்பவன் எழுதியதை அழித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். எட்டுப் பேர் ஆனதில் இந்தத் தொல்லைதான் பெருகியது.

வரிசை பார்க்காமல் அவரவர் முடித்தபடி எழுதவிட்டால் என்ன என்று மனோகரன் கேட்டார். வேகமாக ஓடும் என்று அனுராதா ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு எடையின் திருத்தம் முதலிலும் எடை அதன் பிறகும் வந்து, போனில் கொஞ்ச நேரம் தப்பான எண் நிற்கலாம்.

“வேண்டாம். தாமதம்னு சொன்னா பதில் சொல்லிக்கலாம். தப்புன்னு ஒருத்தன் சொல்லிட்டா, அப்பறம் நம்மகிட்டப் பதில் இல்ல.”

“அப்ப அந்த வரியத்தானுங்க எடுக்கணும். சாயங்காலம் ஒரு தடவ கூட்டிப் போட்டுக்கலாம். விவசாயிங்களுக்கு அது வேண்டவே வேண்டாங்க.”

“வேண்டாத ஒரு வரிக்கா இத்தன பேச்சு வாங்கறோம்? யாரு வச்சது?”

அனுராதா கீபோர்டைப் பார்த்தாள். “வச்சவரு ஆசையா வச்சாருங்க. எடுத்துடட்டுங்களா?”

“எடு. வச்சவன் எவனா இருந்தாலும் இன்னையிலிருந்து ஒரு வாரம் இந்தக் கேட்டுக்குள்ள காலு வைக்கக் கூடாது. நாஞ் சொன்னேன்னு சொல்லிடு.”

“சரிங்க மாமா,” என்றாள். பெயரை மட்டும் சொல்லவில்லை.

வரி போனதும் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் இடிக்காமல் ஓடினார்கள். கூட்டம் தொடங்குவதற்குள் நகல் சர்வரை எட்டிப்பிடித்துவிட்டது.

தனசிங் பேச எழுந்தபோதே அவர் போன் சிணுங்கியது. திரையில் எடையைப் பார்த்தவர், நம்பாமல் ஊர் ஷெட்டில் நின்ற மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார். மூட்டை இன்னும் தராசைவிட்டு இறங்கவில்லையாம்.

“நேத்து நான் பேசினது தப்புங்கய்யா,” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மனோகரன் தலையை மட்டும் அசைத்தார். ஆனால் ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் இன்னொரு டீ கொடுக்கச் சொன்னார். வழக்கமில்லாத வழக்கமாக அவரே விவசாயிகளோடு கேட்டைத் தாண்டி வந்து வழியனுப்பினார்.

அவர்கள் போனதும் வாட்ச்மேன் நாச்சிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஏனுங்கய்யா, காலைல இருந்து போர்டு நகரவே மாட்டேங்குதுங்களே. ரிப்பேருங்களா?”

மனோகரன் நிமிர்ந்து பார்த்தார். அப்பா பெயருக்குக் கீழே சிவப்பு எண்கள் அசையாமல் நின்றன. எந்த ஊரில் எந்த மூட்டை விழுந்தாலும் அந்தக் கணமே மொத்தம் அங்கே ஏறியாக வேண்டும் என்று, போன வருடம் மருமகளிடம் பிடிவாதம் பிடித்தவர் அவர்தான்.

“ரிப்பேர் இல்ல. நாந்தான் எடுக்கச் சொன்னேன்,” என்றார். கேட்டை நோக்கி எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தார். “உள்ள என்ற தொப்பியும் கைத்தடியும் இருக்குது. எடுத்துட்டு வந்து குடு.”

“நீங்க உள்ள வரலீங்களா?”

முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு மனோகரன் சொன்னார்: “ஒரு வாரம் கழிச்சு வரேன்.”