சிவந்த ஜெல் மணிகள்

தண்ணீரில் கலந்திருக்கும் ஈயத்தை உறிஞ்சினால் ஜெல் மணிகள் சிவக்க வேண்டும். ஈயம் இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்க வேண்டும். அவையோ கழிவுநீரிலும் சிவந்தன, ஒப்பிடுவதற்காக வைத்த நல்ல தண்ணீரிலும் சிவந்தன. ஆராய்ச்சிக்காரி இதுவரை குப்பையில் கொட்டிய மணிகளைக் கோத்தால் நிலாவுக்கே நாலு வடம் மாலை போடலாம்.

"எழுபதாவது தடவை! உன் மணிக்கு வெட்கம் ஜாஸ்தி, எதைப் பார்த்தாலும் சிவக்குது," என்றார் இயக்குநர். "சாயங்காலத்தோட மூட்டை கட்டிடும்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைத் தோழிக்குப் பொறுக்கவில்லை. "கடைசியா ஒரே ஒரு தடவை சார்," என்று காய்ச்சி வடித்த நீரில் நாலு மணிகளைப் போட்டாள். சாயங்காலம் வரை அவை பால்போல் வெள்ளையாகவே கிடந்தன.

"அடி சக்கை! ஜெல் பாஸுடி!" தோழி துள்ளிய துள்ளலில் கூரை பிழைத்ததே பெரிது. "தப்பு உன் நல்ல தண்ணியிலதான். எந்தச் சாக்கடையில மொண்டே?"

ஆராய்ச்சிக்காரி போனை எடுத்துக் கணவனை அழைத்தாள்.

"என்னம்மா, ஜெயிச்சிட்டியா?"

"ஜெயிச்சிட்டேங்க. நல்ல தண்ணின்னு நான் தினம் பாட்டில்ல கொண்டாந்தது நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணிதான். அதுல ஈயம் இருக்கு. பாப்பாவுக்கு இனிமே அதைக் குடுக்காதீங்க."

"ஏழு வருஷமா அதைத்தானே குடிக்கிறா!"

"ஆமாங்க," என்றாள். "ஈயம் குழந்தைங்க மூளையைத்தான் முதல்ல பிடிக்கும். நேத்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து அதுக்குள்ள மறந்துபோச்சான்னு காலையிலகூட அவளை அடிச்சிட்டுத்தாங்க வந்தேன்."